தோட்ட விருந்துக்கு வேடக்காரர்கள் வேண்டுமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மே மாதக் கடைசியில் என் அம்மாவின் 70ஆவது பிறந்தநாளை வீட்டுத் தோட்டத்திலேயே கொண்டாடப்போகிறோம். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டு ஆங்கிலேயர்கள், என் வேலையிடத்து நண்பர்கள் என்று சுமார் 50 பேர் வருவார்கள். போன விருந்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இந்த முறை வேடம் போட்டு, விருந்தினரோடு கலகலப்பாகப் பேசித் திரியும் ஆட்களைக் காசு கொடுத்துக் கூப்பிடலாம் என்கிறாள் மகள். பணம் வீணாகுமா? அம்மா கோபிப்பாரா?

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உடம்பு முழுக்க இலையை ஒட்டிக்கொண்டு செடிவேலி போல நின்று, யாராவது கிட்டே வந்ததும் நகர்பவர் இருக்கிறார். பொய்க்கால் கட்டிய வண்ணத்துப்பூச்சி இருக்கிறார். மேசை மேசையாகப் போய்ச் சீட்டு வித்தை காட்டுபவரும், பூத்தொப்பி போட்டு ஊர்வம்பு பேசும் தோட்டக்காரத் தம்பதியும் உண்டு. உங்களுக்குச் சரிப்படுவது அந்தத் தம்பதிதான். வண்ணத்துப்பூச்சியோடு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் பழைய மூலைக்கே திரும்பிவிடுவார்கள். வாயாடிகள் இருவர் வந்தால்தான் ஒரு மூலையில் இருப்பவரை இன்னொரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போக முடியும். அதுவும் போக, முதல்நாள் மழை பெய்திருந்தால் புல்தரையில் பொய்க்கால் புதையும். லண்டன் மே மாதத்தை யார் நம்புவது?

அப்புறம் நேரம். நம் வீடுகளில் கோட்டை விடுவது இங்கேதான். அழைப்பில் இரண்டு மணி என்று போட்டால் பக்கத்து வீட்டார் இரண்டு மணிக்கே பூங்கொத்தோடு வாசலில் நிற்பார்கள். சித்தப்பா குடும்பம் மூன்றரைக்கு வரும். இரண்டிலிருந்து நான்குவரை ஆட்களைப் பிடித்தால் பாதிக் காசு ஏழெட்டுப் பேரைச் சிரிக்கவைக்கவே போய்விடும். இவர்கள் பெரும்பாலும் முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டுக் கொஞ்சம் ஓய்வெடுத்து, மறுபடி வருவார்கள். முதல் சுற்றை மூன்றரைக்கு வையுங்கள், அடுத்ததைக் கேக் வெட்டியபின் வையுங்கள். மே கடைசியில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை. அதுவரை முன்னதாக வந்தவர்களைக் கவனிக்க மகளை வாசலில் நிறுத்துங்கள். யோசனை சொன்னவருக்கு அந்த வேலை நியாயம்தானே!

விருந்துக்கு ஒரு வாரம் முன்பே வேடக்காரர்களோடு தொலைபேசியில் பேசுங்கள். யார் ரோஜா வளர்க்கிறார், யார் கிரிக்கெட் பைத்தியம், யாரை வம்புக்கு இழுத்தால் அழுதுவிடுவார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ரோஜாக்காரருக்கும் கறிவேப்பிலைச் செடியைக் குளிரில் காப்பாற்றப் போராடும் மாமிக்கும் பேச நிறைய இருக்கிறது, சேர்த்துவைக்க ஓர் ஆள்தான் வேண்டும். ரோல்ஸ், கட்லட் தட்டையும் அவர்கள் கையிலேயே கொடுங்கள். தட்டோடு வருபவரிடம் யாரும் முகத்தைத் திருப்ப மாட்டார்கள். உருவம், நிறம், உச்சரிப்பு, குழந்தை இல்லாதது ஆகியவற்றை வைத்துக் கேலி வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். "எப்போ கல்யாணம்?" என்று கேட்கவும் அவர்கள் தேவையில்லை, அதைக் காசு வாங்காமலே கேட்க நம் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 70 வயதில் முன்பின் தெரியாத ஒருவர் திடீரென்று கையைப் பிடித்து ஆடக் கூப்பிட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? அவரை நடுவராக்கிவிடலாம். வருகிறவர்கள் எல்லோரையும் பூ வைத்த தொப்பியோடு வரச் சொல்லுங்கள். வேடக்காரர்கள் விருந்தினரை ஒவ்வொருவராக அம்மாவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தட்டும், பரிசு யாருக்கு என்பதை அம்மா சொல்லட்டும். ஆங்கிலம் அவருக்குச் சரளமாக வராது என்றால் ஒரு பேரப்பிள்ளை பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கலாம். பாதி சிரிப்பு அந்த மொழிபெயர்ப்பிலேயே வரும்.

மைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அது மேடை நிகழ்ச்சியாகிவிடும், எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

பேசிய கூலியில் பயணச் செலவும் அடக்கமா, மழை வந்தால் வீட்டுக்குள் செய்வார்களா, ரத்தானால் முன்பணம் திரும்புமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விருந்தினருக்கு அடிபட்டால் ஈடுகட்டும் பொதுப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். நடிகர்களின் தொழிற்சங்கமான ஈக்விட்டி தன் உறுப்பினர்களுக்கு இதைத் தருகிறது, அதனால் தொழில்முறைக் கலைஞரிடம் இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தேதியை மட்டும் இன்னொரு முறை யோசியுங்கள். மே கடைசித் திங்கள் வங்கி விடுமுறை, அதாவது பொது விடுமுறை. அதை ஒட்டிப் பள்ளிகளுக்கும் பெரும்பாலும் ஒரு வார விடுமுறை வரும். பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் ஊரில் இருக்க மாட்டார்கள், நல்ல கலைஞர்களும் கிடைப்பது கஷ்டம். அந்த நீண்ட வார இறுதிக்கு ஒரு வாரம் முந்திய சனிக்கிழமை கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.