குமுளி ஏற்றமும் ஒற்றைக் கியரும்

வணக்கம் அண்ணே,

நான் கம்பம். மின்சார ஆட்டோ எடுத்து ஆறு மாதம் ஆகிறது. ஊருக்குள் பிரமாதமாக ஓடுகிறது. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறினால்தான் வினை. பாதி மலையில் வேகம் இறங்கிவிடுகிறது, டிஸ்ப்ளேயில் சிவப்பு விளக்கு எரிகிறது. பத்து நிமிடம் ஓரமாக நின்றால் சரியாகிறது. பழைய டீசல் ஆட்டோ என்றால் செகண்டில் போட்டு ஏறிவிடுவேன். மின்சார வண்டிக்குக் கியரே வேண்டாம் என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். அப்புறம் ஏன் இப்படி? மோட்டார் சின்னதா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

தம்பிக்கு,

அந்த வரி என் தவறு. உங்கள் வண்டியில் கியர் இருக்கிறது. பின் அச்சை ஒட்டியுள்ள இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரங்கள், மோட்டார் பத்துச் சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்படி வேகத்தைக் குறைக்கின்றன. உங்களால் மாற்ற முடியாது, அவ்வளவுதான். எந்தக் கியரில் ஓட வேண்டும் என்பதைத் தயாரித்தவரே ஒரே தடவை முடிவு செய்து பெட்டியை மூடிவிட்டார். அப்போது அவர் கண்ணில் இருந்தது சமவெளித் தெரு.

தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம். ஆள்களோடு வண்டி 750 கிலோ. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறும் சாலை. ஏற்றத்துக்கும் டயர் உரசலுக்கும் சேர்த்து, வண்டியை மேலே தள்ள சுமார் 700 நியூட்டன் விசை வேண்டும். 20 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் அது 140 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் பலம். பத்துக்கு ஒன்று கியர் என்பதால் மோட்டாரின் பங்கு 14. அந்த மோட்டார் நாள் முழுக்க அலுக்காமல் தரக்கூடியது 11 என்று வைத்துக்கொள்ளுங்கள். 14-ம் தரும், கொஞ்ச நேரத்துக்கு. ஆனால் முறுக்குவிசை கூடினால் கரண்டும் அதே அளவில் கூடும். மோட்டாரின் செம்புக் காயிலில் உண்டாகும் சூடோ கரண்டின் வர்க்கத்தில் ஏறும். முறுக்குவிசை கால் பங்குக்குச் சற்று மேல் கூடியதற்கே சூடு 1.6 மடங்கு.

கம்பத்தில் வளர்ந்தவருக்குச் சூட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பம்ப்செட் மோட்டாரைக் காயில் கட்டும் கடைக்கு எடுத்துப் போயிருப்பீர்கள். மூடியைக் கழற்றியதும் மூக்கில் ஏறும் கருகிய வார்னிஷ் வாடைதான் மோட்டாரின் சாவு. உங்கள் வண்டியில் காந்தமும் இருந்தால், அதிகச் சூட்டில் அதன் பலமும் நிரந்தரமாகக் குறையலாம். அதற்குப் பயந்துதான் மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் கண்ட்ரோலர் அதைக் குறைத்துச் சிவப்பு விளக்கைப் போடுகிறது. அந்த விளக்கைத் திட்டாதீர்கள்.

பெரிய மோட்டார் போட்டால்? போடலாம். ஆனால் மோட்டாரின் உருவம் வளர்வது கிலோவாட்டைப் பார்த்து அல்ல, முறுக்குவிசையைப் பார்த்து. செம்பு, இரும்பு, காந்தம், விலை எல்லாம் கூடவே ஏறும். மோட்டாரைச் சின்னதாகச் செய்து, வேகமாகச் சுழலவிட்டு, கியரால் முறுக்குவிசையைப் பெருக்குவது மலிவு. இதே மோட்டாருக்குப் பதினெட்டுக்கு ஒன்று என்று இன்னொரு கியர் இருந்தால், அதே ஏற்றத்தில் அதன் பங்கு எட்டுக்குக் கீழே இறங்கிவிடும்.

சொல்வது சுலபம். டெஸ்லாவே 2008-இல் வந்த தன் முதல் காருக்கு இரண்டு வேக கியர்பாக்ஸ் செய்யப் பார்த்து, அது தாங்காமல், ஒற்றைக் கியருக்குத் திரும்பியது. போர்ஷே கம்பெனியின் மின்சாரக் கார் டைகான் 2019-இல் பின் அச்சில் இரண்டு வேகத்தோடு வந்தது. ஆனால் அது பணக்காரர் வண்டி. நம் ஊரில் பஜாஜ் தன் மின்சார ஆட்டோ ஒன்றில் இரண்டு வேக கியர் கொடுத்திருக்கிறது. மலையடிவார ஊர்களுக்கு அதுதான் சரியான வழி என்பது என் கட்சி.

இப்போதைக்கு உங்களுக்கு இரண்டு விஷயம். மெதுவாக ஏறினால் மோட்டாருக்கு இளைப்பாறல் என்று நினைக்காதீர்கள். வேகம் குறைந்தாலும் தேவைப்படும் விசை அதேதான். சூட்டில் கிடக்கும் நேரம்தான் கூடும். ஓர் ஆள் குறைந்தால்தான் உண்மையான நிம்மதி. இன்னொன்று, வளைவில் எதிரே பஸ் வரும்போது ஆக்சிலேட்டரைத் திருகியபடியே வண்டியைச் சரிவில் நிறுத்தி வைப்பது. டீசல் ஆட்டோவில் ஹாஃப் கிளட்சில் பழகிய கை அது. மோட்டார் சுற்றாமல் நிற்கும்போது, கரண்டு மூன்று காயில்களிலும் மாறி மாறிப் பாயாமல் ஒன்றிரண்டிலேயே குவிந்து நிற்கும். பிரேக்கை மிதியுங்கள்.

இறக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வழியில் மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். பெரியாற்றுத் தண்ணீர் விழுந்து மின்சாரமாவது போலத்தான் உங்கள் வண்டியும். இறங்கும்போது சக்கரம் மோட்டாரைச் சுழற்றும், மோட்டார் மின்சாரம் செய்தபடியே வண்டியை இழுத்துப் பிடிக்கும். 400 மீட்டர் இறங்கும்போது அதற்குள் முக்கால் யூனிட் மின்சாரத்துக்கு மேல் ஆற்றல் இருக்கிறது. உரசலும் காற்றும் தின்றது போகப் பாதியாவது பேட்டரிக்குத் திரும்பலாம். ஆனால் குமுளியிலேயே நூறு சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்கினால் பேட்டரியில் வாங்கிக்கொள்ள இடம் இருக்காது. மோட்டார் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். எண்பதோடு பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.