நொதித்தல் மாடல்கள்: கேள்வியும் பதிலும்

'மாதிரி' என்ற சொல் கலனிலிருந்து எடுக்கும் கரைசலையும் குறிக்கிறது, சமன்பாட்டையும் குறிக்கிறது. குழப்பம் வராமலிருக்க, முன்னதை மாதிரி என்றும் பின்னதை மாடல் என்றும் எழுதுகிறேன்.

கேள்வி: பாக்டீரியா தனக்குள் சேமிக்கும் பாலிமரான பிஎச்பியின் உற்பத்தியை லுடெகிங்–பிரெட் மாடலில் பொருத்தினேன். ஆல்ஃபா ஏறக்குறைய 1, பீட்டா பூஜ்ஜியம். உற்பத்தி முழுவதும் வளர்ச்சியோடு இணைந்தது என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். லாக்டிக் அமில நொதித்தலை விளக்க 1959-இல் வெளியான அந்தச் சமன்பாடு உற்பத்தி வேகத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஆல்ஃபா செல்கள் பெருகும் வேகத்தையும், பீட்டா இருக்கும் செல்களின் அளவையும் சார்ந்த பங்கு. நீங்கள் செல் அளவாகக் கொடுத்தது மொத்த உலர் எடை என்றே தோன்றுகிறது. பிஎச்பி செல்லுக்குள்ளேயே மணிமணியாகச் சேர்வதால், லிட்டருக்கு 10 கிராம் உலர் எடையில் பாலிமர் 6 கிராம் என்றால், மிச்சமுள்ள 4 கிராம்தான் செல். நைட்ரஜன் தீர்ந்தபின் அந்த 4 கிராம் அப்படியே நிற்க, மொத்த எடை பாலிமர் கூடும் அளவுக்கே கூடும். ஆக, பாலிமரைப் பாலிமரோடு ஒப்பிட்டு விகிதம் 1 என்று கண்டிருக்கிறீர்கள். பாலிமரைக் கழித்த எடையை வைத்து மீண்டும் பொருத்துங்கள். எடைக்குப் பதில் ஒளியடர்த்திக்கு, அதாவது கரைசலின் கலங்கலை அளப்பதற்கு, மாறினாலும் தப்ப முடியாது. அந்த மணிகளும் ஒளியைச் சிதறடிக்கும்.

கேள்வி: எந்த மென்பொருள் சிறந்தது?

பதில்: இதே கேள்வி மூன்றாம் முறையாக வருகிறது. வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்த்து, நேரியல்லாத பொருத்தமும் செய்யும் எதுவும் போதும்.

கேள்வி: டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் பாலிமருக்கும் இதே மாடலா?

பதில்: டெக்ஸ்ட்ரானைச் செல்லுக்கு வெளியே ஒரு நொதி சுக்ரோஸிலிருந்து கட்டுகிறது, நொதி வேகவியல் அறிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: சாந்தன் (பாக்டீரியா வெளியிடும் பசை) நொதித்தலில் லாஜிஸ்டிக் வளைவு 0.99 பொருத்தம் தருகிறது. பிறகு, வளர்ச்சி வேகத்தை ஊட்டத்தின் அளவோடு இணைக்கும் மோனோட் மாடல் எதற்கு?

பதில்: எஸ் வடிவத்தில் ஏறி நிற்கும் எந்தத் தரவுக்கும் லாஜிஸ்டிக் பொருந்தும். வளர்ச்சி ஏன் நின்றது என்பதை அது சொல்வதில்லை. அதன் உச்ச செல் அளவு உங்கள் ஊடகத்தின் நைட்ரஜனுக்குப் போட்ட மாறுவேடம். செல்லின் உலர் எடையில் சுமார் 12 விழுக்காடு நைட்ரஜன் என்று கொண்டால், லிட்டருக்கு 0.6 கிராம் நைட்ரஜன் 5 கிராம் செல்லோடு தீர்ந்துவிடும். நைட்ரஜனை இரட்டித்தால் உங்கள் உச்சம் பொய்த்துப்போகும்.

மறுப்பு (வேறொருவர்): எட்டே மாதிரிகள் உள்ள ஒரு பேட்ச் தரவிலிருந்து மோனோட்டின் அரைவேக மாறிலியை (வளர்ச்சி வேகம் உச்சத்தில் பாதியாக இருக்கும் ஊட்ட அளவை) எப்படிக் கணிப்பீர்கள்? அதைவிட லாஜிஸ்டிக் நேர்மையானதல்லவா?

பதில்: நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். அம்மாறிலி பெரும்பாலும் லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவிலேயே இருப்பதால், ஊட்டம் அந்த நிலைக்கு இறங்கும் நேரம் மிகக் குறுகியது. இரண்டு மாதிரிகளுக்கு இடையே அது கடந்து போய்விடும். அதனால் உச்ச வளர்ச்சி வேகமும் அம்மாறிலியும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, பல ஜோடிகள் ஒரே பொருத்தத்தைத் தரும். ஒரே ஊடகத்துக்குள் வளைவை விவரிப்பது மட்டும் நோக்கமென்றால் லாஜிஸ்டிக் போதும். ஊடகத்தை மாற்றிக் கணிக்க வேண்டுமென்றால், அரைவேக மாறிலியை நூல் மதிப்பில் நிறுத்தி, நைட்ரஜனை அளந்து, மோனோட்டையே எழுதுவேன். நைட்ரஜனை அளக்காதவர்களோடு எனக்கு வாதமில்லை. அவர்களுக்கு லாஜிஸ்டிக்கே விதி.

கேள்வி: அதே சாந்தன்தான். முதல் நாள் நன்றாகப் பொருந்தும் மாடல், பிறகு உற்பத்தியை மிகையாகக் காட்டுகிறது. பீட்டாவை நேரத்தோடு குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: செல்லின் குற்றமாக இருக்க வாய்ப்பு குறைவு. சாந்தன் கூடக்கூடக் கரைசல் கூழாகிறது. கலக்கியின் இறக்கை அருகே மட்டும் சுழன்று, கலனின் சுவரோரம் அசையாமல், ஆக்சிஜன் சரியாக எட்டாமல் கிடக்கும். ஆக்சிஜன் உணரி இறக்கைக்கு அருகில் இருந்தால், அது காட்டும் எண் அந்தச் சிறு பகுதிக்கே உரியது. பீட்டாவைத் தேய்ப்பதைவிட, பாகுத்தன்மை கூடக்கூடக் குறையும் ஆக்சிஜன் கடத்தல் குணகத்தை (காற்றிலிருந்து கரைசலுக்கு ஆக்சிஜன் போகும் வேகத்தின் அளவை) மாடலில் சேருங்கள். செல் எடைக்கு மாதிரியை நீர்விட்டு நன்கு நீர்க்கச் செய்த பிறகே மையவிலக்கியில் இடுங்கள். இல்லையேல் செல் அடியில் படியாது, படிந்ததோடு சாந்தனும் சேர்ந்தே எடையேறும்.

கேள்வி: என் பிஎச்பி மாடலிலும் ஆல்ஃபா 1 வருகிறது. நான் உலர் எடையைத்தான்...

பதில்: கழியுங்கள்.