கிடாவை மாற்றி எத்தனை வருஷம் ஆச்சு?

ஆடு, தேனீ வளர்ப்போரின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: மேச்சேரிப் பெட்டைகள் 30 வைத்திருக்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் நல்ல விலை கொடுத்து ஒரு கிடா வாங்கி விட்டேன். முதலில் பிறந்த குட்டிகள் வாட்டசாட்டமாக இருந்தன. இப்போது பிறப்பவை எல்லாம் நோஞ்சான். போன தை மாதம் நாலு குட்டிகள் எழுந்து பால் குடிக்கக்கூட முடியாமல் செத்துப் போயின. மேய்ச்சல், தீவனம் எல்லாம் முன்பு போலத்தான். என்ன குறை?
– ஓமலூர் வாசகர்

பதில்: குடற்புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் விழுந்தது கிடா மேல்தான்.

சந்தையில் ஆடு வாங்கும்போது மடியைப் பிடித்துப் பார்க்கிறோம், பல்லைப் பார்க்கிறோம், கால் நகத்தைப் பார்க்கிறோம். அப்பன் யார் என்று யாரும் கேட்பதில்லை. கணக்குப் போடுங்கள். செம்மறிப் பெட்டைக்குட்டி ஒரு வயதை ஒட்டிப் பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் 5 மாதம். அப்படியானால் கிடா வாங்கி இரண்டு வருஷம் முடிவதற்குள்ளேயே அதன் மகள்கள் அதற்கே குட்டி போட்டிருக்கும். நான்காவது வருஷத்தில் அந்த மகளுக்குப் பிறந்த மகளும் அதே கிடாவுக்குச் சினையாகும். அப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் குட்டியில், ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க 100-க்கு 25 வாய்ப்பு உண்டு. அந்தக் குட்டியும் வளர்ந்து அதே கிடாவோடு சேர்ந்தால் அது 37.5 ஆகிவிடும். ஒற்றையாக இருந்தவரை வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்த கெட்ட மரபணுக்கள் ஜோடி சேர்ந்ததும் தலைதூக்கும். பிறப்பு எடை குறைவது, குட்டி சாவது, பெட்டை சினை பிடிக்காமல் போவது எல்லாம் அதன் கைவரிசை.

‘சீமை ஆட்டு ரகங்களையே ரத்த உறவில்தானே உருவாக்கினார்கள்?’ என்று ஒருவர் முன்பு என்னை மடக்கப் பார்த்தார். உண்மைதான். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ராபர்ட் பேக்வெல் என்ற பண்ணைக்காரர் நெருங்கிய உறவிலேயே இணைசேர்த்துத்தான் புது லெஸ்டர் ஆட்டை உண்டாக்கினார். ஆனால் தேறாததை அவர் தயவுதாட்சண்யம் இல்லாமல் கழித்துக்கட்டினார். அதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்று செய்தார்: கிடாக்களை விற்காமல் பருவத்துக்குப் பருவம் வாடகைக்கு விட்டார். ஊரெல்லாம் அதன் குட்டிகள் எப்படி வளர்கின்றன என்று பார்த்து, தேறிய கிடாவைத் திரும்பத் தன் மந்தைக்குக் கொண்டுவந்தார். 30 ஆட்டை வைத்துக்கொண்டு நாம் அந்த விளையாட்டு விளையாட முடியாது. ஆனால் கிடாவை மாற்றிக்கொள்ளலாமே! பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு மேச்சேரி ஆட்டுக்காரரிடம் உங்கள் கிடாவைக் கொடுத்து அவருடையதை வாங்குங்கள். இரண்டு கிடாவும் ஒரே மந்தையில் வாங்கியதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பொட்டனேரியில் இருக்கும் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் உங்களுக்கு அடுத்த வீடு மாதிரி, அங்கேயும் விசாரியுங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு பொலிகிடா ஒரே பட்டியில் இருக்கக் கூடாது. கிடாக்குட்டிகளையும் ஐந்து மாதத்துக்குள் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அப்பனை மாற்றியும் அண்ணன் வேலையைக் காட்டிவிடுவான்.

கேள்வி: மூன்று தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. மூடிய புழு அறைகளுக்கு நடுவே அங்கங்கே காலி அறைகள், அடை சல்லடை மாதிரி இருக்கிறது. நோயா, ராணிக்கு வயதாகிவிட்டதா?
– மார்த்தாண்டம் வாசகி

பதில்: நீங்கள் இருக்கும் ஊர் மார்த்தாண்டம் என்பதால் முதலில் நோயைப் பாருங்கள். காலி அறைக்குப் பக்கத்தில் மூடி திறந்த அறையில் புழு மல்லாந்து, தலை நுனி மேலே தூக்கி, தண்ணீர் நிரப்பிய பை போலக் கிடக்கிறதா? கிடந்தால் அது தாய்லாந்து சாக்புரூட் (பைப்புழு) நச்சுயிரி. 1991-92-இல் உங்கள் மாவட்டத்தில் அடுக்குத் தேனீப் பெட்டிகளை வழித்துத் துடைத்துப் போனதே, அதேதான். மருந்து கிடையாது. ராணியைக் கொஞ்ச நாள் முட்டையிடாமல் தடுத்து வைப்பது, எதிர்ப்புள்ள தேனீக்குடியிலிருந்து புது ராணி கொடுப்பது, இவைதான் வழி.

அப்படிப் புழு எதுவும் இல்லை, அறை துடைத்துவிட்டது போலக் காலி என்றால் கதை வேறு. என் பெட்டியிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி வைத்தேன். நன்றாகப் பெருகியது. அதையே பிரித்துப் பிரித்து நான்கு வருஷத்தில் ஐந்து பெட்டிகள். வறண்ட பக்கம் எங்களுடையது, சுற்றுவட்டாரத்தில் வேறு பெட்டி கிடையாது. ஐந்தாவது பெட்டி மட்டும் நிறையவே மாட்டேன் என்றது. நோய் என்று நினைத்துச் சீனிப்பாகு வைத்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் பொறுக்காமல், அடையின் மேல் ஒரு கண்ணாடித் தாளை வைத்து, முட்டை தெரிந்த அறைகள் மேலெல்லாம் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்தேன். வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து விழ வேண்டும், அப்போதுதான் அரிசி முனை போன்ற முட்டை தெரியும். ஒரு அறை விடாமல் முட்டை இருந்தது. ஐந்தாம் நாள் அதே தாளை அதே இடத்தில் வைத்தேன். புள்ளிகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று காலி. ராணி ஒழுங்காகத்தான் இட்டிருக்கிறாள். பொரிந்த பிறகு யாரோ எடுத்திருக்கிறார்கள்.

எடுத்தது வேலைக்காரத் தேனீக்கள். கருவுறாத முட்டையிலிருந்துதான் ஆண் தேனீ வருகிறது என்று 1845-இலேயே சிலேசியாவில் யோஹான் ஜீர்ட்சோன் என்ற பாதிரியார் சொல்லிவிட்டார். ஆண் தேனீக்கு அப்பன் கிடையாது, தாத்தா உண்டு! கருவுற்ற முட்டை பெண்ணாகும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பாலினத்தைத் தீர்மானிக்கும் மரபணு, தாயிடமிருந்து வந்ததும் ஆணிடமிருந்து வந்ததும் வெவ்வேறு வகையாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வகையானால் கருவுற்றும் அது ஆணாகிவிடும், உதவாத ஆண். பொரிந்த சில மணி நேரத்துக்குள் வேலைக்காரத் தேனீக்கள் மோப்பம் பிடித்துத் தின்றுவிடும். போலந்து ஆராய்ச்சியாளர் வோய்க்கே 1963-இல் இதைக் காட்டினார். என் ராணிகள் பறந்துபோய்ச் சேர்ந்ததெல்லாம் சகோதரர்களோடும் சித்தப்பன்களோடும்தான்; வேறு ஆணுக்கு எங்கே போவார்கள்? முப்பத்தொரு வருஷம் ஆட்டுக்காரர்களிடம் ‘கிடாவை மாற்று, கிடாவை மாற்று’ என்று தொண்டை கிழியக் கத்தியவள் செய்த காரியம் இது. ஏற்காட்டிலிருந்து இரண்டு குடிகள் வாங்கி வைத்து, சொந்த ராணிகளை மாற்றிய பிறகுதான் அடை நிறைந்தது.

உங்கள் ஊரில் ரப்பர் தோட்டத்துக்குத் தோட்டம் பெட்டி. ராணி ஒரு பறப்பில் பத்துப் பன்னிரண்டு ஆண்களுக்கு மேல் சேருவாள், அதில் அயலான்களே அதிகம் இருப்பார்கள். அதனால்தான் முதலில் நோயைப் பார்க்கச் சொன்னேன். ஆண் அறைகளும் அடையில் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். தொப்பி வைத்தது போல் மூடியிருக்கும், உச்சியில் ஊசி குத்தியதுபோல ஒரு துளை இருக்கும். சுத்தம் பார்க்கிறேன் என்று அதையெல்லாம் வெட்டி எறியாதீர்கள். பக்கத்து வீட்டு ராணிக்கு அவன்தான் மாப்பிள்ளை.

கேள்வி: வங்காளத்து கரோல் ஆட்டில் இரட்டைக் குட்டி மரபணு இருக்கிறதாமே, நம் ஆட்டோடு சேர்க்கலாமா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பூரூலா பண்ணை மெரினோ ஆடுகளில் முதலில் பேசப்பட்ட மரபணு அது. 2001-இல் எந்த மரபணு என்று கண்டுபிடித்தார்கள். அதே மாற்றம் கரோலிலும் இருந்தது. 1790-களில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய ஆடுகள் வழியாகத்தான் அங்கே போயிருக்கும் என்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அதைத் தக்காணி ஆடுகளுக்குள் கொண்டுவந்து, இரட்டை ஈனும் மந்தையை உருவாக்கியிருக்கிறது.

ஆனால் அதற்குப் பல தலைமுறை, ரத்தப் பரிசோதனை எல்லாம் தேவைப்பட்டது. கரோல் ஆடு நம் முழங்கால் உயரம்தான். நேராகச் சேர்த்தால் குட்டியின் உடம்பும் சிறுத்துவிடும். இன்னொன்று, காய்ந்த கரட்டில் மேயும் பெட்டைக்கு ஒரு குட்டிக்கே பால் இழுபறி. இருப்பதை வைத்துச் செய்யலாம்: கிடா சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலிருந்து பெட்டைக்குக் கொஞ்சம் தானியம் கூட்டிக் கொடுங்கள், கருமுட்டை கூடும். சினையின் கடைசி ஆறு வாரத்தில் கையைச் சுருக்காதீர்கள். குட்டியின் வளர்ச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் அப்போதுதான் நடக்கிறது.

கேள்வி: செம்மறிப் பெட்டைக்கும் வெள்ளாட்டுக் கிடாவுக்கும் குட்டி பிறக்கும் என்று என் மச்சானோடு பந்தயம் கட்டியிருக்கிறேன். ஜெயிப்பேனா டாக்டரம்மா?
– தாராபுரம் வாசகர்

பதில்: செம்மறிக்கு குரோமோசோம் 54, வெள்ளாட்டுக்கு 60. சேரும், சில சமயம் கருவும் தங்கும். பெரும்பாலும் பாதியிலேயே கலைந்துவிடும். உயிரோடு பிறந்தது உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மச்சானுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.