உங்கள் நம்பரில் இன்னொரு கார்: கேள்வி-பதில்

கே: காலையில் பார்த்தால் காரின் பின்பக்க நம்பர் பிளேட் மட்டும் காணோம். ஒரு பிளேட்தானே, கடையில் அடித்து மாட்டிவிடலாமா?

ப: கூடாது. திருடியவனுக்குத் தேவைப்பட்டது தகடு அல்ல, உங்கள் நம்பர். முதல் வேலை போலீஸ் புகார். பதிவெண், எந்தப் பக்கத்துப் பிளேட், கடைசியாக அதைப் பார்த்த நேரம், காணவில்லை என்று தெரிந்த நேரம் நான்கும் புகாரில் இருக்க வேண்டும். பின்னால் ஏதாவது சிக்கல் வந்தால் உங்களைக் காப்பது அந்த நேரக் குறிப்புதான். எப்.ஐ.ஆர். கேளுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டால் அதைப் பத்திரப்படுத்திக்கொண்டு எப்.ஐ.ஆருக்காகத் தொடர்ந்து கேளுங்கள். மாற்று எச்எஸ்ஆர்பி (உயர் பாதுகாப்பு நம்பர்) பிளேட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, திருட்டு என்றால் புகார் நகலைக் கேட்பார்கள். பதிவெண் மாறாது, இடது கீழ் ஓரத்து லேசர் நம்பர் மாறும். திருடுபோன தகடு எங்காவது பிடிபட்டால், அது இப்போது உங்கள் காரில் இருப்பது அல்ல என்று அந்த லேசர் நம்பரே சொல்லிவிடும். புதுப் பிளேட் வரும்வரை காரை எடுக்காதீர்கள். பேப்பரில் நம்பரை அச்சடித்து ஒட்டிக்கொண்டு ஓட்டினால், போலி மாட்டியவர் என்று உங்களைத்தான் நிறுத்துவார்கள்.

கே: என் காருக்குத் தப்பான சலான் வந்திருக்கிறது. என்ன செய்வது?

ப: எந்தத் தேதி, என்ன குற்றம், படத்தில் இருப்பது என்ன வண்டி, எதையும் எழுதவில்லை. சலானைத் திறந்தாவது பார்த்தீர்களா? பார்த்துவிட்டு அடுத்த பதிலைப் படியுங்கள்.

கே: நான் போகவே போகாத ஊரில் சிக்னல் மீறியதாகச் சலான். சின்னத் தொகைதான், அலைச்சல் வேண்டாம் என்று கட்டிவிட்டேன். இனி பிரச்சினை வராதே?

ப: வரும். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் மட்டும் நிற்கவில்லை. அபராதம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது. கேமராவில் பதிவானது என் கார்தான் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததற்குச் சமம். அதே நம்பரை மாட்டிக்கொண்டு திரிபவன் நாளை யாரையாவது மோதிவிட்டு ஓடினால், போலீஸ் வருவது உங்கள் வீட்டுக்கு. "அந்த வண்டி என்னுடையது இல்லை" என்பீர்கள். "அப்படியானால் அன்றைக்கு ஏன் கட்டினீர்கள்?" என்று கேட்பார்கள். அதற்கு உங்களிடம் என்ன பதில் இருக்கிறது?

கட்டாமல் என்ன செய்திருக்க வேண்டும்? அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் சலானைத் திறந்து படத்தைச் சேமித்திருக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-யின்படி கேமரா சலானில் குற்றத்தைக் காட்டும் படம், இடம், தேதி, நேரம் இருந்தாக வேண்டும். படத்தைப் பெரிதாக்கி முதலில் எழுத்துகளைப் பாருங்கள். பல சமயம் இது போலிப் பிளேட்டே அல்ல. கேமரா 8-ஐ ‘பி’ (B) என்றோ, 0-வை ‘டி’ (D) என்றோ தவறாகப் படித்திருக்கும். படத்தில் இருப்பது வேறு யாருடைய நம்பராகவோ இருக்கும். அப்படியென்றால் விஷயம் சுலபம்.

நம்பர் உங்களுடையதேதான் என்றால் வண்டியைப் பாருங்கள். தேர்ந்த திருடன் அதே மாடல், அதே நிறத்தில் ஒரு காரைத் தேடித்தான் நம்பரை எடுப்பான். ஆகவே சில்லறை விஷயங்களில்தான் பிடி கிடைக்கும். அலாய் வீலா, வீல் கப்பா? ரூஃப் ரெயில் உண்டா? பின் கண்ணாடியில் வைப்பர் இருக்கிறதா? டிக்கியில் வேரியன்ட் எழுத்து என்ன? உங்கள் பம்பரில் இருக்கும் கீறல் அங்கே இருக்கிறதா? பிளேட்டின் எழுத்து இடைவெளி ஒத்துப்போகிறதா? இரண்டு வித்தியாசம் கிடைத்தால் போதும். அதே கோணத்தில் உங்கள் காரைப் படமெடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டு, வித்தியாசங்களை வட்டமிடுங்கள்.

அந்த நேரத்தில் உங்கள் கார் எங்கே நின்றது என்பதற்கும் சான்று வேண்டும். பாஸ்டேக் பதிவு, சர்வீஸ் ஜாப் கார்டு, குடியிருப்பின் சிசிடிவி எதுவானாலும் சரி. சிசிடிவி பதிவு 15, 30 நாட்களில் அழிந்துவிடும் என்பதால் அதை முதலில் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் சேர்த்து இ-சலான் தளத்தின் புகார்ப் பகுதியில் ஏற்றுங்கள். சலான் போட்ட போக்குவரத்துப் பிரிவுக்கும் எழுதுங்கள். உங்கள் காவல் நிலையத்தில் போலி நம்பர் என்று தனிப் புகார் கொடுங்கள். வழக்கு இணையவழி விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருந்தால், அபராதம் கட்டுவது, வழக்கை எதிர்ப்பது என அதன் தளம் இரண்டு வழி காட்டும், எதிர்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். ஆனாலும் இன்றைக்கே புகார் கொடுங்கள். விவரம் தெரியாமல் கட்டினேன் என்று அதில் எழுதி, ரசீதையும் இணையுங்கள்.

கே: சலான் வந்ததே எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ப: ஆர்சியில் யாருடைய மொபைல் நம்பர் இருக்கிறது? ஷோரூம்காரருடையதா, பழைய உரிமையாளருடையதா? பரிவாகன் தளத்தில் உங்கள் நம்பரை ஏற்றுங்கள். மாதம் ஒருமுறை சலான் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

கே: வாட்ஸ்அப்பில் சலான் என்று ஏபிகே கோப்பு வந்திருக்கிறது. திறக்கலாமா?

ப: திறக்காதீர்கள். ஏபிகே என்பது மொபைலில் ஆப்பை நிறுவும் கோப்பு. அரசு எந்தச் சலானையும் ஏபிகே கோப்பாக அனுப்புவதில்லை. திறந்துவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

கே: பழைய கார் வாங்கப் போகிறேன். ஆர்சி, பிளேட், இன்சூரன்ஸ் எல்லாம் பொருந்துகின்றன. நம்பி வாங்கலாமா?

ப: அவை பொருந்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம். திருட்டுக் காருக்குப் போலி நம்பர் போடுபவன், இன்னொரு நல்ல காரின் விவரங்களை அப்படியே எடுத்துத்தான் போடுவான். காகிதத்தை விடுங்கள், இரும்பைப் பாருங்கள். சேசிஸ் நம்பர் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது என்பது காரின் கையேட்டில் இருக்கும். துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து வாசியுங்கள். மொத்தம் 17 இடம். ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்தும் வராது. இங்கே தயாரானவற்றில் மாருதி என்றால் எம்ஏ3, ஹூண்டாய் என்றால் எம்ஏஎல், டாடா என்றால் எம்ஏடி (MAT) என்று தொடங்குவது வழக்கம். அரம் தேய்த்த கோடு, சுற்றி மட்டும் புதுப் பெயின்ட், வரிசை விலகிய ஓர் எழுத்து, இதில் எது தெரிந்தாலும் நடையைக் கட்டுங்கள். அடுத்து, முன் கண்ணாடியின் உட்புறம் உள்ள பதிவு ஸ்டிக்கரைப் பாருங்கள்; இரண்டு பிளேட்டுக்கு அடுத்து இதுதான் மூன்றாவது பதிவு அடையாளம். பெட்ரோல், சிஎன்ஜி காருக்கு வெளிர் நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. அதில் இருக்கும் லேசர் நம்பர்களை இரண்டு பிளேட்டோடும், சேசிஸ், இன்ஜின் நம்பர்களை ஆர்சியோடும் ஒப்பிடுங்கள். கடைசியாகக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டச் சொல்லுங்கள். காரின் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் சேசிஸ் நம்பர், இரும்பில் பொறித்திருப்பதோடு சேர வேண்டும். பழைய மாடல் சிலவற்றில் இது கிடைக்காது. அவற்றுக்குச் சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள்.

கே: பிளேட்டைத் திருட முடியாதபடி மாட்ட வழி உண்டா?

ப: முழுக்கத் தடுக்க முடியாது; நேரம் பிடிக்கும்படி செய்யலாம். எச்எஸ்ஆர்பியின் ஸ்னாப் லாக்கை ஒருமுறை உடைத்தால் திரும்பப் போட முடியாது, அதுதான் அதன் பலம். அந்தப் பலத்தைக் கெடுப்பது வொர்க்‌ஷாப்தான். பம்பரைக் கழற்ற லாக்கை உடைக்கிறார்கள், வேலை முடிந்ததும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ இரண்டைப் போட்டு அனுப்புகிறார்கள். அதைக் கழற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. டெலிவரி எடுக்கும்போதே குனிந்து பாருங்கள், புது லாக் போடச் சொல்லுங்கள்.

கே: முன் கண்ணாடி மாற்றியபோது அந்தப் பதிவு ஸ்டிக்கர் கிழிந்துவிட்டது. துண்டுகளை ஒட்டலாமா?

ப: உரித்தால் கிழிய வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். புது ஸ்டிக்கருக்கு விண்ணப்பியுங்கள். பாஸ்டேக்கும் பழைய கண்ணாடியோடு போயிருக்கும், அதையும் மாற்றுங்கள்.

கே: கார் வீட்டில் நிற்கிறது, பாஸ்டேக்கில் பணம் போகிறது. போலி நம்பரா?

ப: இருக்கலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். நீங்கள் முன்பு போன பயணத்தின் கட்டணம் தாமதமாகக் கழிந்திருக்கலாம். குறுஞ்செய்தி வந்த நேரத்தை விட்டு, டோலில் பதிவான நேரத்தைப் பாருங்கள். டேக் படிக்காதபோது டோல் ஊழியர் நம்பரைக் கையால் அடித்து, ஓர் எழுத்து தவறியிருக்கலாம். டேக் கொடுத்த வங்கியில் புகார் செய்யுங்கள், நெடுஞ்சாலை உதவி எண் 1033-இலும் சொல்லுங்கள். அதே டோலில் மீண்டும் மீண்டும் கழிந்தால் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

கே: காரை விற்க விளம்பரம் போடுகிறேன். நம்பரை மறைக்க வேண்டுமா?

ப: மறையுங்கள். ஆர்சி படத்தை யார் கேட்டாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மாடல், நிறம், நம்பர், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ஐந்தும் ஒரே படத்தில் கிடைத்தால் போலி தயாரிப்பவனுக்கு வேறு எதுவும் தேவையில்லை. நேரில் வருபவருக்கு நேரில் காட்டுங்கள்.

கே: எச்எஸ்ஆர்பி மாட்டிய பிறகு பழைய பிளேட்டுகள் வீட்டில் கிடக்கின்றன. பழைய இரும்புக் கடையில் போடலாமா?

ப: முழுதாகப் போடாதீர்கள். தகரக் கத்தரியால் நம்பரின் நடுவே குறுக்காக நான்கு துண்டாக வெட்டி, இரண்டு வேறு நாட்களில் போடுங்கள்.