வாசகர் கேள்வி – பதில்: விசில் கணக்கா, டைமரா?

கேள்வி: துவரம்பருப்புக்கு நான்கு விசில் என்று என் மாமியார் சொல்லிக்கொடுத்த கணக்கு, கேஸ் அடுப்பிலிருந்து இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறிய பிறகு சரிவரவில்லை. ஒரு நாள் பருப்பு கூழாகிறது. மறுநாள் விரலால் நசுக்கினாலும் நசுங்க மறுக்கிறது. டைமர் வைத்து வேகவைக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக வைக்கலாம், ஆனால் டைமரை எந்த நொடியில் முடுக்குகிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. விசில் நேரத்தைச் சொல்லும் கருவி அன்று. உள்ளே சேரும் நீராவியின் அழுத்தம், மூடிமேல் உள்ள வெயிட்டைத் தூக்கும் அளவுக்கு உயரும்போதெல்லாம் அது எழும்பி ஆவியை வெளியே விடுகிறது, அவ்வளவே. அந்த அழுத்தத்தில் குக்கருக்குள் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் இருக்கும். அதில் பருப்பு எத்தனை நிமிடம் கிடந்தது என்பதுதான் பதத்தைத் தீர்மானிக்கிறது. தீ அதிகமாக இருந்தால் நான்கு விசிலும் அடுத்தடுத்து வந்து தீர்ந்துவிடும். சிம்மில் வைத்தாலோ அதே நான்குக்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும். அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீட்டு விசிலையும் நம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் ஆபத்து வேறு!

ஆகவே முதல் விசில் வந்ததும் சூட்டைக் குறைத்து, அப்போது டைமரை முடுக்குங்கள். அரை மணி நேரம் ஊறிய துவரம்பருப்புக்கு 8 முதல் 10 நிமிடம் என்று தொடங்கி, உங்கள் குக்கருக்கும் தண்ணீருக்கும் ஏற்றபடி இரண்டு மூன்று நாளில் திருத்திக்கொள்ளலாம். பழைய பருப்புக்கும் உப்புத்தண்ணீருக்கும் கூடுதல் நேரம் வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பிலேயே உள்ள டைமரைப் பலர் குக்கரை ஏற்றியவுடன் அழுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் தண்ணீர் சூடேறும் நேரமும் அந்தக் கணக்கில் போய்விடுவதால், ஒரு டம்ளர் பருப்புக்குப் பொருந்தும் நிமிடங்கள் மூன்று டம்ளருக்குப் போதாமல் போகின்றன. அடுப்பு அணைந்த பிறகும் ஆவி அடங்கும் வரை பருப்பு வெந்துகொண்டே இருக்கும் என்பதால், அவசரமாக வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

கேள்வி: கையால் திருகும் சமையலறை டைமர் வாங்கினேன். 30 நிமிடத்துக்குச் சரியாக மணியடிக்கிறது. 4 நிமிடம் வைத்தால் சில சமயம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. கருவியில் கோளாறா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பெரும்பாலும் கோளாறு இல்லை. நீங்கள் திருகும்போதுதான் உள்ளிருக்கும் சுருள்வில் இறுகுகிறது. நான்கு நிமிடக் கோடு வரை மட்டும் திருகினால் பல்சக்கரங்களை ஓட்டி மணியையும் அடிக்கப் போதிய விசை அதில் சேர்வதில்லை. முதலில் 20-ஐத் தாண்டித் திருகிவிட்டு, பிறகு 4-க்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். முழுச்சுற்றுக்கு 60 நிமிடம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 6 பாகைதான் இடம். குறி சற்றே விலகினாலும் அரை நிமிடம் பிசகும். சுண்டலுக்கு அது பொருட்டில்லை. அரைவேக்காட்டு முட்டைக்குக் கைபேசி டைமரே மேல்.