மூளையும் தண்டுவடமும்: கேள்வி பதில்

மருத்துவ மாணவர்களுக்கு நெடுங்காலம் உடலியங்கியல் கற்பித்தவன் என்பதால், மைய நரம்பு மண்டலம் குறித்து வந்த கேள்விகளுக்கு விடை எழுதும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். பலருக்கும் மூளையைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்கிறது. தண்டுவடத்தை மட்டும் மூளையின் ஆணையைக் கடத்தும் வெறும் கம்பியாகவே எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தால் நோயாளிகளுக்கே தீங்கு நேர்வதைக் கண்டிருக்கிறேன் என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: முதுகெலும்பும் தண்டுவடமும் ஒன்றுதானே? (பதினோராம் வகுப்பு மாணவி)

இல்லை. முதுகெலும்பு என்பது அடுக்கடுக்கான முள்ளெலும்புகளால் ஆன தூண். தண்டுவடம் அந்தத் தூணின் உள்ளே ஓடும் குழாயில், மூன்று உறைகளுக்குள் பாதுகாப்பாக இருக்கும் மென்மையான நரம்புத் திசு. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தின் தொடர்ச்சியாகக் கீழிறங்கும் அது, ஏறக்குறைய சுண்டுவிரல் பருமனும் 45 செ.மீ. நீளமும் கொண்டது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிந்து செல்கின்றன. தூணின் அடிவரை வடம் நீள்வதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கருவில் மூன்றாம் மாதம் வரை இரண்டும் ஒரே நீளமாக இருக்கும். அதன்பின் எலும்பு வேகமாக வளர, வடம் பின்தங்கிவிடுகிறது. வளர்ந்தவர்களுக்கு அது முதல் இடுப்பு முள்ளெலும்பை ஒட்டியே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் குதிரை வாலைப் போலத் தொங்குகின்றன.

கேள்வி: சிசேரியனின்போது முதுகில் ஊசி போட்டார்கள். அது தண்டுவடத்தில் குத்தியதால்தான் இன்றுவரை முதுகு வலிக்கிறது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (இரண்டு குழந்தைகளின் தாய்)

அஞ்ச வேண்டாம், அம்மா. மேலே சொன்ன குதிரை வால் உங்கள் கேள்விக்கும் விடை தருகிறது. இடுப்பெலும்பின் இரு பக்க மேல்விளிம்புகளையும் கையால் தொட்டு, அவற்றை இணைக்கும் கோட்டைக் கொண்டு நான்காவது இடுப்பு முள்ளெலும்பை மருத்துவர் கண்டறிகிறார். அதை ஒட்டிய இடைவெளியில்தான் ஊசி செல்கிறது. அந்த மட்டத்தில் வடமே இல்லை. உறைக்குள் இருக்கும் திரவத்தில் மிதக்கும் நரம்பு வேர்களும் ஊசி நுனி பட்டால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். அந்தத் திரவம் ஒரு நேரத்தில் சுமார் 150 மி.லி. இருக்கும். நாளொன்றுக்குச் சுமார் 500 மி.லி. புதிதாகச் சுரப்பதால், எடுத்தாலும் கசிந்தாலும் உடல் ஈடுசெய்துவிடும். சிலருக்கு இந்தக் கசிவினால் சில நாட்கள் தலைவலி வருவதுண்டு. எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் தணியும்; அதுவே அதன் அடையாளம். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கு அந்த ஊசியைக் காரணமாகக் காட்ட ஆய்வுகளில் சான்று இல்லை. கருவுற்ற காலத்தில் தளர்ந்த தசைநார்களையும், குனிந்து குழந்தையைத் தூக்கும் முறையையும் கவனித்து, இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சூடான தோசைக்கல்லில் கை பட்டவுடன், சுடுகிறது என்று உணரும் முன்பே கை விலகிவிட்டது. அந்த முடிவை எடுத்தது யார்? (இல்லத்தரசி)

உங்கள் தண்டுவடம் எடுத்தது. தோலிலிருந்து கிளம்பிய செய்தி வடத்துக்குள் நுழைந்ததும், அங்கேயே நியூரான்கள் எனப்படும் சில நரம்புச் செல்கள் வழியாகத் திரும்பிக் கையை மடக்கும் தசையை அடைந்துவிடுகிறது. மூளைக்குச் செல்லும் செய்தி இன்னும் நெடுந்தூரம் போக வேண்டியிருப்பதால், வலி என்ற உணர்வு பின்னரே எழுகிறது. அந்த வலியிலும் இரண்டு கட்டங்களைக் கவனித்திருப்பீர்கள். முதலில் ‘சுருக்’கென்று ஒன்று, பிறகு நின்று எரியும் எரிச்சல். முன்னது மையலின் என்ற கொழுப்புப் பொருளாலான மெல்லிய உறை கொண்ட, வேகமான இழைகளில் வருகிறது. பின்னது உறையற்ற, நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகமே உள்ள இழைகளில் வருகிறது.

வடம் செய்வது இத்துடன் நிற்கவில்லை. மடக்கும் தசையை இயக்கும் அதே கணத்தில், அதற்கு எதிராக நீட்டும் தசையை அது தளர்த்துகிறது. காலில் முள் குத்தினால், ஒரு காலைத் தூக்கும்போதே மறுகாலை விறைப்பாக்கி, நாம் விழாமல் காக்கிறது. இந்த இணைப்புகளைப் பொறுமையாக ஆராய்ந்து வெளிப்படுத்தியவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன். ஆயினும் மேலிருந்து மூளை இதை அடக்கவும் முடியும். கொதிக்கும் கஞ்சிப் பாத்திரத்தைத் தூக்கியபின் சூடு தாங்காவிட்டாலும், அருகில் குழந்தை நின்றால், அதைக் கீழே போடாமல் மேடைவரை கொண்டுபோய் வைக்கும் தாயின் கையில் நடப்பது அந்த அடக்கம்தான்.

கேள்வி: விபத்துக்குப் பிறகு தம்பிக்கு இடுப்புக்குக் கீழ் அசைவில்லை. ஆனால் முழங்காலில் தட்டினால் கால் பலமாகத் துள்ளுகிறது. குணமாகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? (அண்ணன் ஒருவர்)

இதை எழுத மனம் வருந்துகிறது, ஐயா. அந்தத் துள்ளலை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய இயலாது. முழங்காலின் கீழுள்ள தசைநாணைத் தட்டினால் தொடைத்தசை இழுபடுகிறது. அச்செய்தி வடத்தின் இடுப்புப் பகுதிக்குச் சென்று, ஒரே ஓர் இணைப்பைக் கடந்து, அதே தசைக்குத் திரும்புகிறது. காயம் அதற்கு மேலே இருந்தால் இந்தச் சுற்று சிதையாமல் இருக்கும். மூளையிலிருந்து வரும் கட்டுப்பாடு அறுந்துபோவதால் துள்ளல் முன்பைவிட மிகவும் கூடும். காலைத் தம்பி தம் விருப்பத்தால் சிறிதேனும் அசைக்கிறாரா, ஆசனவாயைச் சுற்றித் தொடுஉணர்ச்சி இருக்கிறதா என்பவற்றையே மருத்துவர் முக்கியமாகப் பார்ப்பார். அவரிடம் இவற்றை வெளிப்படையாகக் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு மூளையின் இடப்பக்கத்தில் பக்கவாதம். வலக்கையும் பேச்சும் போய்விட்டன. ஏன் எதிர்ப்பக்கம்? (மகள்)

இயக்க ஆணைகளைச் சுமந்து பெருமூளையிலிருந்து இறங்கும் இழைகளில் பெரும்பாலானவை முகுளத்தில் குறுக்காகக் கடந்து மறுபக்கம் செல்வதால், வலக்கையின் ஆட்சி இடப்பக்க மூளையிடம் இருக்கிறது. பெரும்பாலானோருக்குப் பேச்சும் அதே பக்கத்தில்தான். 1861இல் பாரிசில் பால் புரோக்கா, ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர வேறெதுவும் பேச இயலாதிருந்த ஒரு நோயாளியின் மூளையை, அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடப்பக்க முன்மடலில் சிதைவைக் கண்டார். அந்த நோயாளி பிறர் பேச்சை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். உங்கள் அப்பாவும் அவ்வாறு இருக்கக்கூடும். ஆகவே அவர் கட்டிலருகே நின்று, அவருக்கு ஒன்றும் விளங்காது என்ற எண்ணத்தில் எதையும் பேசாதீர்கள். 1874இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த, சற்றுப் பின்னால் உள்ள பகுதி பாதிக்கப்பட்டிருந்தால் மட்டுமே புரிதல் பெரிதும் குறையும். எது பாதிக்கப்பட்டது என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர் சோதித்துச் சொல்வார்.

கேள்வி: நாம் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமா?

இல்லை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வு நேரத்திலும் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு இவ்வளவு தேவைப்படாது.

கேள்வி: கையில் அறுபட்ட நரம்பு தைத்தபின் வளர்ந்தது என்கிறார்கள். தண்டுவடம் மட்டும் ஏன் வளர்வதில்லை? (வாகன ஓட்டுநர்)

கையிலுள்ள நரம்பு அறுந்தால், அதைச் சூழ்ந்த ஷ்வான் செல்கள் பழைய மையலினை அகற்றி, புதிய ஆக்சானுக்கு, அதாவது நரம்புச் செல்லின் நீண்ட இழைக்கு, வழியமைக்கின்றன. நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. வளர்ந்து, மாதக்கணக்கில் அது விரலை எட்டலாம். மூளையிலும் தண்டுவடத்திலும் மையலினை உருவாக்குபவை வேறு செல்கள். அந்த மையலினில் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் உள்ளன. காயத்தைச் சுற்றித் தழும்பும் உண்டாகிறது. 1981இல் சாமுவேல் டேவிடும் ஆல்பர்ட் அகுவாயோவும் எலிகளின் மைய நரம்பு மண்டலத்தில் காலின் நரம்புத் துண்டைப் பொருத்தியபோது, வளரவே வளராது என்று கருதப்பட்ட ஆக்சான்கள் அதற்குள் சில சென்டிமீட்டர் வளர்ந்து சென்றன. செல்லுக்கு வளரும் திறன் இருக்கிறது, சூழல்தான் தடுக்கிறது என்பதை அது காட்டியது. ஆயினும் அறுந்த வடத்தை மீண்டும் இணைக்கும் சிகிச்சை இன்னும் நம் கைக்கு வரவில்லை.

நீங்கள் ஓட்டுநர் என்பதால் இதையும் சொல்கிறேன். சாலையில் விழுந்தவர் கால் மரத்துவிட்டது என்றாலோ, கழுத்து வலிக்கிறது என்றாலோ, நினைவின்றிக் கிடந்தாலோ, கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள். முறிந்த எலும்பு அதுவரை தப்பியிருந்த வடத்தை அப்போது நசுக்கிவிடலாம். மூச்சு சீராக இருந்து, தீ, வாகனம் போன்ற உடனடி ஆபத்தும் இல்லையென்றால், தலை அசையாமல் ஒருவர் இருபுறமும் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் 108ஐ அழையுங்கள். வாந்தி எடுத்தால் மட்டும், மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, தலையும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு, மரக்கட்டையை உருட்டுவதைப் போல ஒருசேரப் பக்கவாட்டில் திருப்புங்கள்.