மலை ஹட்டுக்கு ஆபீஸ்காரங்க கூப்பிடுறாங்க, போகவான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீ கேட்டத முந்தாநாளே பாத்துருக்கணும், நான் இப்ப லீவுக்குப் போடி வந்துருக்கேன், ரெண்டு நாளா போடிமெட்டுக்கு மேல ஒரு ஏலத்தோட்டத்து வீட்ல கூட்டாளிங்களோட கெடந்தேன், அங்க இருக்குறது தமிழ்நாடா கேரளாவான்னு போனுக்கே தெரியாது, அதான் லேட்டு. நீ, ம்யூனிக் வந்து நாலு மாசம் ஆச்சு, டீம்ல எட்டுப் பேரு ஃப்ரோன்லைஷ்னாம்ங்கிற கிறிஸ்தவப் பண்டிகை லீவுக்கு மலைல ஹட்டுல, அதான் மலையேறுறவங்க தங்குற பொது வீட்டுல, தங்கக் கூப்பிடுறாங்க, ஜெர்மன் வராது, பீர் குடிக்க மாட்டேன், கறி திங்க மாட்டேன், போயி என்னண்ணே பண்றதுன்னு கேட்டுருந்த. போ. கம்பத்துக்காரன் மலைக்குப் போகப் பயந்தான்னா ஊர்ல சிரிப்பாங்க.

ஆனா நம்ம மலைக்குப் போறது வேற, அவங்க போறது வேற, அத முதல்லயே தெரிஞ்சுக்க. இந்த வாட்டி நாங்க ஆறு பேருன்னு கெளம்புனோம், மேல போய்ச் சேரும்போது ஒம்பது பேரு, எவன் எங்க ஏறுனான்னே தெரியல. வெள்ளனே ஏலக்காட்டு வேலைக்கு ஆளுகள ஏத்திட்டுப் போற ஜீப்புங்க போகட்டும்னு ஒதுங்கி ஒதுங்கி 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, செக்போஸ்ட் தாண்டி பூப்பாறைல கட்டன்சாயா குடிச்சோம். நம்ம கிட்ட மலையாளம் பேச ஆரம்பிச்ச டீக்கடக்காரரு ரெண்டாவது வாக்கியத்துல நம்ம தேவாரம் ஊர்த் தமிழ்ல வந்து நின்னுட்டாரு. சாயங்காலமே கோழி அறுத்து, சின்ன வெங்காயம் ரெண்டு கிலோ உரிக்க ஆளாளுக்கு உக்காந்து, விடிய விடிய பேச்சு. யானை வந்துரும்னு ஒருத்தன் கிளப்பி விட்டான், சின்னக்கானல் பக்கம்ங்கிறதால அது வெத்துப் பயமும் இல்ல, அரிக்கொம்பன 2023-ல அங்கதான புடிச்சாங்க, அப்புறம் அது உங்க கம்பத்துத் தெருவுக்குள்ளயே வந்து நின்னது உனக்கே தெரியும். அதனால ராத்திரி ஒண்ணுக்குப் போறதுக்கும் நாலு பேரா போனோம். மொத்தச் செலவு எவ்வளவு, எவன் குடுத்தான், இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, கேட்டா "போடா வெளிநாட்டுக்காரா"ன்னு திட்டு விழும்.

இப்ப ஜெர்மனில நடக்குறதக் கேளு. நான் முதல் தடவ போனது 2013-ல, பெர்க்டெஸ்காடன் பக்கம் வாட்ஸ்மான்ஹவுஸ்னு ஒரு ஹட்டு, 1,930 மீட்டர். நம்ம கொழுக்குமலை 7,900 அடிம்பாங்க, அதுக்கு இது ஆயிரத்துச் சொச்சம் அடி கம்மிதான், ஆனா கொழுக்குமலைக்குச் சூரியநெல்லில இருந்து ஜீப்பு போகும், இங்க நீயும் உன் காலும்தான். ஊர் வழக்கப்படி நான் கூட வந்த எட்டுப் பேருக்கும் புளிச்சோறு கட்டி எடுத்துட்டு ஏறுனேன், அஞ்சாறு கிலோ இருக்கும், முதுகு போச்சு. பாதி வழில உக்காந்தப்ப பொட்டலத்தப் பிரிச்சு நீட்டுறேன், ஒவ்வொருத்தனும் அவன் அவன் பையில இருந்து ரொட்டியும் சீஸும் எடுத்து அவனே வெட்டிச் சாப்டுறான், எனக்கு வேணுமான்னு ஒரு பேச்சுக் கூடக் கேக்கல. மூஞ்சி செத்துப் போச்சு. மேல போனா அதுக்கும் மேல, ஒருத்தி வெயில்ல படுத்து புக் படிக்கிறா, ரெண்டு பேரு மலையவே பாத்துக்கிட்டு உக்காந்துருக்கான், ஒருத்தன் தனியா நடக்கக் கெளம்பிட்டான், ஒரு மணி நேரமா யாரும் யார்கிட்டயும் பேசல. சண்ட போட்டுக்கிட்டாங்களோ, இல்ல நான் வந்தது புடிக்கலையோன்னு உள்ளுக்குள்ள ஒரே உளைச்சல்.

ஒரு சண்டையும் இல்ல தம்பி. அவங்களுக்கு ரெஸ்ட்னா அதுதான், யாரையும் கவனிக்க வேண்டாம், யாரும் நம்மளக் கவனிக்க மாட்டாங்க. நமக்கு விருந்தாளி சும்மா உக்காந்துருந்தா தப்பு, அவங்களுக்கு அவன எழுப்புனா தப்பு. இது புரிய எனக்கு மூணு ட்ரிப் ஆச்சு, அது வரைக்கும் எல்லாருக்கும் நடுவுல போய் உக்காந்து பேச்சு குடுத்து ஒரு மாதிரி பாடாப் படுத்திருக்கேன், இப்ப நெனச்சா கூச்சமா இருக்கு. மறுநாள் மத்தியானம் அந்தப் புளிச்சோத்த மூணு பேரு தானா வந்து கேட்டு வாங்கித் தின்னாங்கங்கிறதையும் சொல்லிடறேன்.

மத்ததெல்லாம் சின்ன விஷயம். ஹட்டுல வரிசையா மெத்த போட்ட பொது ஹால்தான், லாகர்ம்பாங்க, பக்கத்துல யாரு குறட்ட விடுறாங்கன்னு உன் விதி, காதுக்கு அடைப்பான் வாங்கிக்க. தைச்ச போர்வை மாதிரி மெல்லிசா ஸ்லீப்பிங் ஷீட் கட்டாயம் கேப்பாங்க, கம்பளி அவங்களே தருவாங்க. ஷூவ வாசல்ல கழட்டணும், உள்ள போட செருப்பு எடுத்துக்க, இந்த ஒரு விஷயத்துல அவங்க நம்ம ஆளுதான். பத்து மணிக்குச் சத்தம் கூடாது, நம்ம பேச்சே பத்துக்குத்தான் ஆரம்பிக்கும், என்ன பண்றது. பில்லு தனித்தனி, கெட்ரென்ட்னு கேப்பாங்க, நீ குடிச்ச ஆப்பிள் ஜூஸுக்கு நீ, எல்லாத்துக்கும் நானே குடுக்கறேன்னு நிக்காத, சங்கடப்படுவாங்க. கைல கொஞ்சம் நோட்டு வச்சுக்க, கார்டு நிறைய எடத்துல ஓடாது. கறி இல்லாம கேஸ்ஷ்பேட்ஸ்லேன்னு சீஸ் போட்ட ஒரு கொழுக்கட்ட வகை, கைசர்ஷ்மார்ன்னு பிச்சுப் போட்ட இனிப்பு தோசை, ரெண்டும் வயிறு ரொம்பும், மொத நாளு எனக்கு சீஸ் ஒத்துக்கல, மிளகாப்பொடி எடுத்துட்டுப் போனா தப்பில்ல. போறதுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் வச்சுருப்பல்ல, 2023-ல மாசம் 49 யூரோன்னு ஆரம்பிச்சு ஏத்திக்கிட்டே வர்றாங்களே அதுதான், அது லோக்கல் ட்ரெயினுக்குச் செல்லும், ஐசிஈங்கிற வேக ட்ரெயின்ல ஏறிடாத.

காலைல சீக்கிரம் நடக்கச் சொன்னா சோம்பேறித்தனம் பண்ணாத, கோடைல மதியத்துக்கு மேல இடி மின்னலோட பொசுக்குன்னு கூடிரும், நம்ம மலைல மேகம் ஏறி வர்ற மாதிரி சொல்லிட்டு வராது. ஜூன்ல மேல பனி கெடக்கலாம், அதனால எந்த ஹட்டு எத்தன மீட்டர்னு கேட்டுக்க, ஆபீஸ் ஸ்னீக்கர்ஸ் போட்டுட்டுப் போகாத.

மொழி பத்திக் கவலப்படாத. மேல ஏற ஏற ஒரு வழக்கம் இருக்கு, ஆயிரம் மீட்டருக்கு மேல ஜீ கிடையாது, எல்லாரும் டூதான், அதாவது நீங்க போயி நீ வந்துரும். உன் மேனேஜரக் கூட நீன்னு கூப்பிடலாம், எனக்கு முதல்ல நாக்கு ஒட்டிக்கிச்சு, நம்ம ஊர்ல ரெண்டு வயசு மூத்தவன நீன்னா பல்லப் புடுங்கிருவான். எதுக்க வர்றவங்களுக்கு செர்வுஸ்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், அதுக்கு மேல அவங்களும் எதிர்பாக்க மாட்டாங்க.

புளிச்சோறு கட்டிட்டுப் போ, ஆனா உனக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் போதும். நான் ஞாயித்துக்கெழம அங்க எறங்குறேன், ஸ்லீப்பிங் ஷீட் எங்கிட்ட ஒண்ணு கூடுதலா இருக்கு, புதுசா வாங்காத, சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாங்கிக்க, இங்க தோட்டத்துல குடுத்த ஏலக்காயும் கால் கிலோ வச்சுருக்கேன்.